ஸ்டூடியோக்காரரின் நெகட்டிவ் பெட்டி

எட்டியாந்தோட்டை பஸாரில் எனது புடைவைக் கடைக்கு மேல்மாடியில் வாப்பா காலத்திலிருந்து ஒரு ஸ்டூடியோ இருந்தது. சென்ற வருடக் கடைசியில் அதன் உரிமையாளர் கதவை மூடினார். அவர் தகப்பனாரிடமிருந்து தொழிலைக் கையேற்றவர், என்னைவிட இளையவர். மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு கீழே இறங்கி வந்தார்.

"நாநா, மேல பதினெட்டுப் பெட்டி நெகட்டிவ் கெடக்குது. பழைய சாமான்காரன் தகரப் பெட்டிக்கு மட்டும் வெல சொல்றான். உள்ள ஈக்கிறத எரிச்சிரச் சொல்றான். நீங்க என்ன சொல்ற?" என்று கேட்டார்.

நான் மேலே போய்ப் பார்த்தேன். பழைய பிஸ்கட் தகரங்கள், மூடியில் பெயின்டால் எழுதிய இலக்கங்கள். பக்கத்தில் தடித்த மட்டை போட்ட கொப்பிகள். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, தோட்டத்தின் பெயர், டிவிஷன், குடும்பத் தலைவரின் பெயர், படத்தின் அளவு, கொடுத்த முற்பணம், மிச்சம், கடைசியில் நெகட்டிவ் இலக்கம். ஒரு வங்கியில்கூட இவ்வளவு ஒழுங்கான கொப்பியை நான் பார்த்ததில்லை. அவருடைய தகப்பனார் எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவர்.

வாசகர்களே, இந்த வாரம் ஸ்டூடியோத் தொழிலைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இதுதான். எமது சப்ரகமுவ மாகாணத்தில், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டங்களை அண்டிய சிறு பஸார்களில், புடைவைக் கடை, பலசரக்குக் கடைக்கு அடுத்தபடியாக எம்மவர்கள் செய்துவந்த தொழில்களில் இதுவும் ஒன்று. இன்று அது ஒன்றன்பின் ஒன்றாக மூடப்படுகிறது. "போன் வந்தது, தொழில் போனது" என்று எல்லோரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் பாதிதான் உடன்பாடு. எமது ஸ்டூடியோக்காரர்கள் தாம் எதை விற்கிறோம் என்பதை மறந்ததும் காரணம். படம் பிடிப்பதை இன்று எல்லோரும் செய்வார்கள். பிடித்த படத்தைப் பெயரோடும் இலக்கத்தோடும் வருடக்கணக்கில் காப்பாற்றி, கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பதை யாரும் செய்வதில்லை. அந்த வியாபாரம் கையில் இருந்தது. அதைத்தான் பழைய சாமான்காரனுக்கு விலை பேசுகிறோம்.

கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

தோட்டத்து மக்களைப் படம் பிடித்தவர்கள் அன்றே பலர் இருந்தார்கள். ஆங்கிலேயப் பெண் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூன் 1875-இல் தன் கணவரோடு இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879-இல் இறக்கும்வரை இங்குள்ள வேலையாட்களையும் கிராமத்தவர்களையும் நிறுத்திப் படம் எடுத்தார். அவருடைய கபுறு பொகவந்தலாவைத் தேவாலயத்தில் இருக்கிறது. உலகத்தின் பெரிய நூதனசாலைகளில் அந்தப் படங்கள் இருக்கின்றன. ஆனால் படத்தில் நிற்பவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயர் இல்லை. 1890-இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் நிறுவனம் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களைப் படமெடுத்துத் தபாலட்டைகளாக விற்றது. அதை வாங்கியவர்கள் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்கள். கொழுந்து பறித்த பெண்ணின் வீட்டுக்கு அந்தப் படத்தில் ஒரு பிரதி போயிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தோட்டத்துக் குடும்பம் தன் சொந்தக் காசைக் கொடுத்து, தனக்காகப் படம் எடுத்துக்கொண்டது பஸாரில் இருந்த இந்தச் சிறு ஸ்டூடியோக்களில்தான். அங்கே அவர்களுக்குப் பெயர் இருந்தது. கொப்பியில் எழுதினார்கள்.

நான் சிறுவனாக இருந்த 1970-களின் பிற்பகுதி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 1964-ஆம் வருட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கு போட்டன. காகிதத்தில் இது ஒரு கழித்தல் கணக்கு. எங்கள் கடையில் அது எப்படி வந்தது என்றால், ஒரு குடும்பம் சேமலாப நிதிப் பணத்தோடு வந்து எல்லோருக்கும் புதுத்துணி வாங்கும். அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இங்கேயே. துணியைக் கடையிலேயே உடுத்திக்கொண்டு மேல்மாடிக்கு ஏறுவார்கள். போகிறவர்களும் நிற்கிறவர்களும் சேர்ந்து ஒரு குரூப் போட்டோ, பெரிய அளவில் இரண்டு பிரதி. ஒன்று தலைமன்னாருக்கு ரயிலேறும், மற்றது லயத்தில் நிற்கும். அந்த ரயிலுக்கு மலைநாட்டில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். 1984-இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பல் நின்றது.

நான் அந்த ஸ்டூடியோவில் எடுபிடி வேலை செய்வேன். ஏரியும் படிக்கட்டும் வரைந்த திரைச்சீலை. எல்லோருக்கும் பொதுவான ஒரே கோட்டு, மெலிந்தவர்களுக்குப் பின்னால் உடுப்புக் கிளிப்பால் பிடித்துவிடுவார்கள். அழுகிற பிள்ளைக்கு முன்னால் சாவிக்கொத்தைக் குலுக்குவது என் வேலை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்தபடியால் பிலிம் ரோல் கிடைப்பதே அருமை என்று அவர் தகப்பனார் சொல்வார். ஒரு ரோலில் பன்னிரண்டு படம். ஒரு குடும்பத்துக்கு ஒரு தடவைதான் அமுக்குவார். கண் மூடினால் மூடியதுதான். அப்படியான படங்களையும் கொப்பியில் நான் கண்டேன், "தாய் கண் மூடி, பரவாயில்லை என்று எடுத்துப் போனார்" என்று எழுதியிருந்தார்.

இப்போது தொழிலுக்கு வருவோம்.

ஸ்டூடியோக்காரருக்கு வருடம் முழுக்க ஒரே மாதிரி வியாபாரம் நடப்பதில்லை என்பது தெரிந்த விடயம். ஆனால் தோட்டத்துக் காலண்டரை எத்தனை பேர் கவனித்து நடந்தார்கள்? எமது பக்கத்தில் தேயிலையும் இறப்பரும் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் பருவம் வேறு. பெப்ரவரி, மார்ச் மாதங்களில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் காலையில் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளுக்குப் பேர் விழாது. அதே மழையில் தேயிலை தளிர்க்கும், கொழுந்துக்காரர்களுக்கு வேலை நிறைய. ஆகவே ஒரே பஸாருக்கு வரும் இரண்டு தோட்டத்துக் குடும்பங்களில், ஒன்றின் கையில் காசு இருக்கும் மாதத்தில் மற்றதன் கையில் இருக்காது. சம்பளம் மாதத்தின் பத்தாம் திகதி அளவில். தீபாவளிக்கு முற்பணம் கொடுப்பார்கள், அதைப் பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள். தீபாவளிக்கு முந்திய வாரம் ஸ்டூடியோவில் இடம் இருக்காது, அடுத்த மாதம் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

எங்கள் பெருநாட்களோ பருவத்துக்குக் கட்டுப்படுவதில்லை. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2005-இல் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்தன, 2006-இலும் ஏறக்குறைய அப்படியே. அந்த இரண்டு வருடமும் கடை மூடும்போது கால் நிற்கவில்லை. மேலே ஸ்டூடியோவில் இரவு பதினொரு மணிக்கும் ஆள் நின்றது. 2025-இல் நோன்புப் பெருநாள் மார்ச் 31-இல் வந்தது, சித்திரைப் புத்தாண்டுக்குச் சரியாக இரண்டு கிழமை முன்னால். இனி சில காலத்துக்கு அது பெப்ரவரிப் பக்கம் போகும், அதாவது இறப்பர் இலை உதிரும் காலத்துக்கு. ஹஜ்ஜுப் பெருநாள் மே மாதத்து மழைக்குள் வருகிறது. இதையெல்லாம் ஜனவரியிலேயே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்தால் எப்போது பிறேம் வாங்குவது, எப்போது கடன் கொடுப்பது, எப்போது சும்மா இருப்பது என்பது விளங்கும். எங்கள் நண்பர் எழுதவில்லை. தகப்பனார் எழுதினார்.

பருவம் என்றால் காசு மட்டுமல்ல, வெளிச்சமும்தான். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் காலை பளிச்சென்று இருக்கும், பிற்பகல் இரண்டு மணிக்கு இடியோடு கொட்டும். பிள்ளைகளின் படத்தைப் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் நிறுத்தினால் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழும். நல்ல படத்துக்கு மூடல் வானம் போதும், லயத்து இஸ்தோப்பில் பிள்ளையை வெளிச்சத்தைப் பார்க்க உட்கார வைத்தால் ஸ்டூடியோ லைட்டே வேண்டாம். மழைக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். இரத்தினபுரிப் பக்கத்து ஈரப்பதனில் ஒரு மாதம் பையில் கிடந்த கெமரா திரும்ப வேலைக்கு உதவாது. பழையவர்கள் அலுமாரிக்குள் ஒரு சிறு மின்குமிழை எரிய விட்டு, அதற்குள் கெமராவை வைத்தார்கள். நெகட்டிவையும் அப்படித்தான் வைத்தார்கள். ஐம்பது வருடம் கழித்தும் அது கெடாமல் இருக்கக் காரணம் அந்தச் சிறு குமிழ்.

போனைப் பற்றி ஒரு வார்த்தை. டிஜிட்டல் கெமராவைக் கண்டுபிடித்தவர் கொடாக் கம்பனியின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன், அது நடந்தது 1975-இல். அதே கொடாக் 2012 ஜனவரியில் அமெரிக்காவில் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. தன் வீட்டில் பிறந்த பிள்ளையைத் தானே வளர்க்கத் தெரியவில்லை. பியுஜி கம்பனி பிலிமை மட்டும் நம்பியிராமல் வேறு தொழில்களுக்குள் கால் வைத்துத் தப்பியது. எங்கள் பஸார் ஸ்டூடியோ கொடாக்கும் அல்ல, பியுஜியும் அல்ல. ஆனால் ஒரு வழி திறந்திருந்தது. 2015 ஒகஸ்டிலிருந்து கடவுச்சீட்டுக்கான படத்தை, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோக்கள் மட்டுமே எடுத்து அனுப்பலாம் என்று வந்தது. பதிந்துகொண்டவர்களுக்கு அது சோறு போட்டது. பதியாதவர்களுக்குக் கல்யாண வேலை மட்டும் மிஞ்சியது. அதையும் மோட்டார் சைக்கிளில் வரும் இளைஞர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

போன் எல்லோர் கையிலும் வந்த பிறகு தோட்டத்துப் பிள்ளைகளின் படங்கள் குறைந்திருக்கின்றன என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு தாயின் போனில் ஆயிரம் படம் இருக்கும். அந்தப் போன் ஒரு நாள் தண்ணீரில் விழும், அல்லது தவணைக்காசு கட்டாமல் போகும், அல்லது மகன் விளையாடி அழித்துவிடுவான். ஆயிரமும் ஒரே நேரத்தில் போகும். தகரப் பெட்டியில் இருந்த ஒன்று போகவில்லை.

இது வெறும் ஆசைக்குச் சொல்வது அல்ல. எமது மாகாணம் வீடும் சாமானும் அடிக்கடி போகும் மாகாணம். 1981 ஒகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்திலும், பிறகு 1983 ஜூலையிலும் தோட்டத்து மக்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மூழ்கியது. 2016 மே 17-இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது, அதே நாளில் புளத்கொஹுபிட்டியப் பக்கமும் மண் வந்தது. 2017 மேயில் மறுபடி இரத்தினபுரி. 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளி. ஒவ்வொரு தடவையும் அரிசியும் பாயும் யாராவது கொடுப்பார்கள், அரசாங்கமும் கொடுக்கும், நாமும் பள்ளிவாசலில் சேர்த்துக் கொடுக்கிறோம். இறந்துபோன பிள்ளையின் படத்தை யார் கொடுப்பது? அது எங்காவது ஒரு பிஸ்கட் தகரத்தில் இலக்கத்தோடு இருந்தால்தான் உண்டு.

(இடையில் ஒரு விடயம். வெள்ளத்தில் நனைந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவிட்டு மெதுவாகப் பிரித்து, முகம் மேலே பார்க்க நிழலில் காயவிடுங்கள். லேபில் கழுவிய படம் இப்படித் தப்பும். மலிவு இங்க்ஜெட் மெஷினில் அடித்தது சாயம் கரைந்துவிடும். அதைத் தண்ணீரில் போடாமல் அப்படியே காயவிடுங்கள். மலிவு என்று இங்க்ஜெட்டில் அடித்து, காலத்துக்கும் நிற்கும் என்று விற்கும் நண்பர்கள் இந்த வரியை இரண்டு தடவை வாசிக்கவும்.)

ஆகவே நான் நண்பரிடம் சொன்னது இதுதான். கல்யாணத்தை விடுங்கள். பிள்ளைகளைப் பிடியுங்கள். ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு ஒரு தடவை, அவர்களுடைய லயத்து வாசலிலேயே, அவர்களுக்குக் காசு இருக்கும் மாதத்தில். பிள்ளைக் காம்பராவில் இருக்கும் குழந்தை, அடுத்த வருடம் பாலர் பாடசாலை, அதற்கடுத்து முதலாம் வகுப்பு, பதினைந்து வயதில் அடையாள அட்டை. ஒரே குடும்பம் ஒரே இலக்கத்தின் கீழ். பிரதி ஒன்று வீட்டில், ஒன்று உங்களிடம்.

அவர் கேட்டார், "காசு எங்க நாநா வரும்?"

கணக்குப் போட்டோம். ஐந்து டிவிஷன், டிவிஷனுக்கு 80 குடும்பம் என்று வைத்தால் 400. பாதிப் பேர் சேர்ந்தால் 200. மாதம் 100 ரூபா வீதம் வருடத்துக்கு 1,200. ஒரு நாட்சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது என் எல்லை. தேயிலைத் தோட்டத்து நாட்சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா என வர்த்தமானியில் வந்தது. வருமானம் 240,000. ஒரு பெரிய படம் பிறேமோடும் நான்கு சிறிய படங்களும் 500 ரூபாவுக்கு அடக்கமானால் 100,000 போகும். மாதம் ஒரு நாள் முச்சக்கரவண்டிக்கு 3,000 வீதம் 36,000. மிச்சம் 104,000, அதாவது மாதம் எட்டாயிரத்துச் சொச்சம். இதிலும் வராத கடன் கொஞ்சம் கழியும்.

"இத வெச்சி வாடகையும் கட்ட ஏலாதே" என்றார். உண்மைதான், நான் மறைக்கவில்லை. கடை வாடகை கட்டும் ஸ்டூடியோவுக்கு இது போதாது. கடையே இல்லாமல், வீட்டு முன்னறையில் ஒரு பிரின்டரும் அலுமாரியும் வைத்து, வேறொரு தொழிலோடு சேர்த்துச் செய்பவருக்குப் போதும். அந்த இருநூறு குடும்பங்களில் வருடத்துக்கு நாலு கல்யாணம், ஆறு சடங்கு வரும். வேறு ஆளைத் தேடமாட்டார்கள், ஏனென்றால் பிள்ளையின் முதல் படம் உங்களிடம் இருக்கிறது. எமது பாட்டன்மார் பொட்டணியைத் தோளில் தூக்கிக்கொண்டு லயத்துக்கு லயம் ஏறித் துணி விற்றவர்கள். மாதாமாதம் சம்பள நாளில் போய்ப் பற்று வாங்குவது அவர்கள் எமக்குச் சொல்லித் தந்த தொழில், வட்டியில்லாமல். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இன்னொரு கூட்டம் வாடிக்கையாளரையும் நாம் கண்டுகொள்வதில்லை. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போகும் தாய்மார். தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் எங்கள் மஹல்லாக்களிலிருந்தும் போகிறார்கள். போவதற்கு முன்னால் கடவுச்சீட்டுப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்கு வராதவர் இல்லை. அந்த நேரத்தில் "பிள்ளைகளோடு ஒன்று எடுப்போமா?" என்று கேட்ட ஸ்டூடியோக்காரர் எத்தனை பேர்? குவைத்தில் சமையலறைக்குப் பக்கத்து அறையில் சுவரில் ஒட்ட ஒரு படம். போன் இருக்கிறதே என்பீர்கள். போனை எசமானி வாங்கி வைத்துக்கொண்ட கதைகளை நாம் கேட்காமலா இருக்கிறோம்.

எமது வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாம் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. சிலர் எடுப்பதையே விரும்புவதில்லை. மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல, அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வியாபாரியாக நான் பார்த்தது, எமது வீடுகளில் அல்பம் அலுமாரிக்குள் இருக்கும், பெண்கள் பெண் படப்பிடிப்பாளரைக் கேட்பார்கள். ஒரு ஸ்டூடியோக்காரரின் மகளோ மனைவியோ கெமரா பிடிக்கப் பழகினால் எமது வீட்டுக் கதவு மட்டுமல்ல, வயது வந்த பெண்பிள்ளைகளை அந்நிய ஆணின் முன்னால் நிறுத்தத் தயங்கும் தோட்டத்து வீட்டுக் கதவும் திறக்கும்.

ஒரு கசப்பான விடயம். வேறொரு ஊரில் ஒரு ஸ்டூடியோ, ஒரு தோட்டத்துப் பிள்ளையின் சடங்குப் படத்தைத் தன் முகநூல் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போட்டுவிட்டது. யாரிடமும் கேட்கவில்லை. கீழே வந்த கருத்துகளை நான் இங்கே எழுத விரும்பவில்லை. அந்தத் தகப்பன் என் கடைக்கு வரும் மனிதர். "நானா, காசு குடுத்து நாங்க எடுத்த படந்தானே, அவன் எப்படிப் போடலாம்?" என்று கேட்டார். 2022-இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் நாட்டில் நிறைவேறியது. நான் சட்டத்துக்குப் போகவில்லை. ஒருவர் தன் பிள்ளையின் முகத்தை எம்மிடம் தந்துவிட்டுப் போவது அமானிதம். எமது மார்க்கத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன கனம் என்று இந்தப் பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பெண்பிள்ளையின் படத்தை வைப்பதற்கு வீடு தேடிப் போய்க் கேட்டார்கள். இல்லை என்றால் வைக்கமாட்டார்கள்.

இன்று பல ஸ்டூடியோக்களில் பைலை ஒரு மாதத்தில் அழித்துவிடுகிறார்கள். "கம்பியூட்டரில் இடம் இல்லை" என்கிறார்கள். ஒரு சிறிய ஹார்ட் டிஸ்க்கில் பஸார் முழுவதன் பிள்ளைகளையும் வைக்கலாம். இரண்டு டிஸ்க்கில் வைத்து, இரண்டையும் இரண்டு வீட்டில் வைத்தால் வெள்ளமும் நெருப்பும் ஒரே நாளில் இரண்டையும் கொண்டுபோகாது. இடமில்லை என்பது பொய். கொப்பி எழுதச் சோம்பல், அதுதான் உண்மை. படத்தின் பெயர் வெறும் இலக்கமாகவே இருந்தால் பத்து வருடம் கழித்து அதை யார் தேடி எடுப்பது? பாதுகாத்தும் பயனில்லை.

நண்பர் ஸ்டூடியோவை மூடத்தான் செய்தார். மேல்மாடியில் இப்போது ஒருவர் போன் திருத்துகிறார். பதினெட்டுப் பெட்டிகளும் கொப்பிகளும் எனது களஞ்சிய அறையில், துணி ரோல்களுக்குப் பின்னால் ஒரு மர அலுமாரியில் இருக்கின்றன. உள்ளே ஒரு குமிழ் எரிகிறது. கரன்ட் பில் என் கணக்கில்.

போன மாதச் சம்பளத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெண் வந்தார். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர், நாற்பது வயது இருக்கும். "நானா, எங்க பாட்டன் இந்தியாவுக்குப் போகும்போது மேல மாடியில எல்லாரும் படம் எடுத்தாங்களாம். எங்க படம் எண்பத்தி மூணுல லயத்தோட எரிஞ்சி போச்சி. அம்மாவுக்கு இப்ப ஒடம்பு சரியில்ல, ஒரு தடவ பாக்கணும்னு சொல்லுது" என்றார். வருடம் தெரியவில்லை. தோட்டத்தின் பெயரும் பாட்டனின் பெயரும் தெரிந்தது. நண்பருக்குப் போன் பண்ணினேன். அவர் வந்து மூன்று கொப்பிகளைப் புரட்டினார். ஒரு மணித்தியாலம் போனது. ஏழாம் பெட்டியில் கிடைத்தது.

வெள்ளைத் திரையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தோம். பதினோரு பேர். முன்வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த சிறுமியை அந்தப் பெண் விரலால் காட்டினார். அதுதான் அம்மாவாம்.

நண்பர் அதை அவிசாவளைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணிப் பெரிதாக அடித்துக் கொடுத்தார். 800 ரூபா கேட்டார், அந்தப் பெண் இரண்டு தவணையில் கட்டுவதாகச் சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டார். அதன் பிறகு அதே தோட்டத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வந்து கேட்டுப் போயிருக்கிறார்கள். நண்பர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் களஞ்சிய அறைக்கு வந்து உட்காருகிறார்.